நீல மூடிக் குப்பி

ஆகஸ்ட் 6, புதன்

ஆய்வகக் குறிப்பேட்டில் நேற்று நான் எழுதிய ஒரு வரியை எங்கள் ஆய்வுக்குழுவின் தலைவரான மேடம் படித்துவிட்டார். ‘இந்த எலிக்கும் என்னைப் போலவே இன்றைக்கு எதிலும் விருப்பமில்லை’ என்று எழுதியிருந்தேன்.

“அம்சவேணி, நாளைக்கு ஆடிட்டுக்கு வர்றவங்க இதைப் படிச்சா நான் என்ன பதில் சொல்றது? பொலம்பணும்னா தனியா ஒரு நோட்டு வாங்கிக்கோம்மா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேளச்சேரியில் இறங்கி இந்த நோட்டை வாங்கினேன்.

முதல் பக்கம் என்பதால் ஒழுங்காகவே ஆரம்பிக்கிறேன். முனைவர் பட்டம் முடித்து, சென்னையில் ஒரு ஆய்வு நிலையத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது தற்காலிக ஆராய்ச்சியாளராக, இருக்கிறேன். கணவர் பூபதி பல்லடத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். என் மாமியாரான அத்தையும் அவரும் அங்கே, நான் இங்கே மகளிர் விடுதியில். மாதம் ஒருமுறை ரயில்.

என் வேலை எலிகளோடு. பக்கவாதத்தில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அடைபடுகிறது. அந்த அடைப்பை எடுத்துவிட்டாலும், அதற்கப்பால் இருக்கும் மயிரிழைக் குழாய்களில் பல நேரம் ரத்தம் ஓடுவதில்லை. அவற்றை வெளிப்புறமாகக் கட்டிப் பிடித்திருக்கும் பெரிசைட் என்ற செல்கள், ஆக்சிஜன் கிடைக்காமல் இறுக்கிப் பிடித்து, பிடித்த பிடியிலேயே செத்துப்போகின்றன. அந்தப் பிடியைத் தளர்த்த ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

மருந்தும் வெறும் உப்புநீரும் ஒரே மாதிரிக் குப்பிகளில் இருக்கும். ஒன்றுக்கு நீல மூடி, இன்னொன்றுக்கு வெள்ளை மூடி. எதில் எது என்பது குப்பிகளை நிரப்பிய மாணவி நிலோஃபருக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தால், எதைப் பார்க்க ஆசைப்படுகிறேனோ அதைத்தான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். அதனால் இந்த ஏற்பாடு.

தெரியாது என்றுதான் பேர். நீல மூடியில்தான் மருந்து என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். விடுதித் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. மதியம் பூபதி பேசினார்.

“சாப்பிட்டயா?”

“ஆச்சுங்க. மாத்திரை போட்டீங்களா?”

“எந்த மாத்திரை?”

“பிரஷர் மாத்திரைங்க.”

“நீ அங்க எலிக்கெல்லாம் பிரஷர் பாத்துட்டு இரு. எனக்கு எங்கம்மா கையப் புடிச்சுப் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிருச்சு.”

கோபப்பட்டேன். நாளைக்கு வாங்கிப் போடுகிறேன் என்றார். பிறகு, அந்த இறுக்கிப் பிடிக்கும் செல் இன்னும் பிடியை விடவில்லையா என்று கேட்டார். என் வேலையைப் பற்றி வீட்டில் கேட்பவர் அவர் ஒருவர்தான். சில எலிகளில் விடுகிறது என்றேன். “அப்பறம் என்ன, ஊருக்கு வந்துரு” என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

நீல மூடி எலியில் இன்றைக்கும் ரத்தம் நன்றாக ஓடியது. நிலோஃபரின் முகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நல்ல பெண்.

ஆகஸ்ட் 18, திங்கள்

விமான நிலையம்.

பூபதிக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. அத்தைதான் போன் செய்தார். ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்குப் போய்க்கொண்டே பேசினார். “நீ டாக்டருகிட்டப் பேசு கண்ணு, உனக்குத்தான் எல்லாந் தெரியும்” என்றார். பின்னால் சைரன் சத்தம்.

மருத்துவமனையில் பேசினேன். தொடை வழியாகக் கம்பியை விட்டு அடைப்பை எடுக்கப்போகிறார்கள். எடுக்கட்டும் என்றேன். நான் சொல்லித்தான் எடுக்கப்போகிறார்களா என்ன.

கிளம்புவதற்கு முன்னால் குளிர்ப்பெட்டி அறைக்குப் போய்விட்டு வந்தேன். சாப்பாட்டுப் பையில் பனிக்கட்டிப் பொட்டலம் வைத்திருக்கிறேன். தயிர்சாதம் கெட்டுப்போகும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். அடைப்பை எடுத்து முடித்திருந்தார்கள். சிகிச்சை செய்த டாக்டருக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். கம்ப்யூட்டரில் படம் காட்டினார். முதல் படத்தில் பாதியில் வெட்டிய மரம் மாதிரி ரத்தக் குழாய். அடுத்ததில் கிளை கிளையாக விரிந்திருந்தது.

“சூப்பரா தொறந்துருச்சுங்க மேடம். நீங்களும் இதே ஃபீல்டுன்னு உங்க மாமியார் சொன்னாங்க. உங்களுக்கு நான் வெளக்கவே வேண்டியதில்ல.”

“ஆமாங்க. நல்லா வந்திருக்கு” என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “தொறந்துருச்சாமா, தொறந்துருச்சாமா” என்று அழுதார். ஒறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரர்களெல்லாம் நடைபாதையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தில் தெரிவதெல்லாம் பெரிய குழாய்கள். கிளைகளின் நுனிக்கு அப்பால் இருக்கும் மயிரிழைக் குழாய்கள் எந்த ஆஸ்பத்திரிப் படத்திலும் தெரியாது. அவை தெரிவது என் எலிகளில் மட்டும்தான். மண்டையோட்டில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்துப் பார்க்கிறோம்.

பூபதி கண் திறக்கவில்லை. டிபன் வாங்கப் போனேன். அத்தைக்கு இட்லி, மற்றவர்களுக்கு டீ.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றும் கண் திறக்கவில்லை. இரண்டாவது ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் பெரிதாகக் கறுத்திருக்கிறது. “குழாய் தொறந்துதான் இருக்குங்க. சில பேருக்கு இப்படி ஆயிடுது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது” என்றார் டாக்டர். எனக்குத் தெரியும். 

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். தயிர்சாதத்தோடு பையில் ஒரு நீல மூடிக் குப்பியும் இருந்தது. எடுத்து வந்தேன் என்று சொல்ல முடியவில்லை. பையைத் திறந்தபோது இருந்தது. அது செறிவான கரைசல், ஒரு குப்பியை நீர்த்துப் பல எலிகளுக்குக் கொடுப்போம். மனித எடைக்கு எவ்வளவு என்று விமானத்தில் போர்டிங் பாஸின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். பூபதியின் இடது கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. குழாயில் ஊசி போடும் வாய் என் பக்கமாகவே இருந்தது. கீழே மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சில் மருந்தை ஏற்றி வைத்திருந்தேன். எலிகளில் அடைப்பை எடுத்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் வேலை செய்கிறது. அந்த நேரம் இன்னும் மிச்சமிருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கன்னத்தில் இரண்டு நாள் தாடி. எலிகளின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அவற்றைத் துணியால் மூடியிருப்போம்.

சிஸ்டர் வந்துவிட்டார். “என்னக்கா அது கையில?”

“எனக்கு சுகர். இன்சுலின்.”

“இங்க வெச்சுப் போடாதீங்க. வெளிய போயிப் போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டு டிரிப்பைச் சரிசெய்தார்.

வெளியே வந்தேன். கழிவறையில் மருந்தைத் திரும்பவும் குப்பிக்குள்ளேயே விட்டு மூடினேன். சிரிஞ்சைக் குப்பையில் போட்டேன். மறுபடியும் உள்ளே போகக் கேட்டிருக்கலாம். விட்டிருப்பார்கள். கேட்கவில்லை.

சிஸ்டர் வராமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்பதை நான் யோசிக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

யோசித்தேன். கொடுத்திருந்தால் அவர் இன்றைக்குப் பேசியிருப்பார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கண் திறந்தார்! என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். வலது கையும் காலும் அசையவில்லை.

மத்தியானம் அத்தை என்னைக் கேண்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆளில்லாத மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

“அன்னிக்குக் காத்தால டம்ளரக் கீழ உட்டுட்டான் அம்மிணி. வாயி கோணலாட்ட இருந்துச்சு. நான் பித்தம்னு நெனச்சேன். எலுமிச்சம்பழம் புழிஞ்சு சோடா குடுத்துப் படுக்க வெச்சேன். சித்த நேரம் தூங்குனா சரியாப் போயிரும்னு, நான் பாட்டுக்குத் துணி தொவைக்கப் போயிட்டேன். பட்டறையில இருந்து ஆளுக தேடிட்டு வந்தப்பறந்தான் பாத்தோம்.”

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ மறைக்காமச் சொல்லு. எந்திரிச்சதும் கூட்டியாந்திருந்தா, எம்பையன் நல்லாருந்திருப்பானா?”

“அதெல்லாம் ஒரு வித்தியாசமும் இருந்திருக்காதுங் அத்தை.”

“நெசமாத்தான் சொல்றயா?”

“நெசமாத்தானுங். இது அப்படித்தான். எப்பக் கூட்டியாந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்.”

அத்தை மூச்சை இழுத்து விட்டார். ஒரு வடை வாங்கிக் கொடுத்து என்னைச் சாப்பிடச் சொன்னார். நான் அத்தையிடம் சொன்ன அந்த வாக்கியத்தை ஒரு கட்டுரையில் எழுதியிருந்தால் மேடம் சிவப்புப் பேனாவால் அடித்து, ‘ஆதாரம்?’ என்று ஓரத்தில் எழுதியிருப்பார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பூபதிக்கு ஒரு சொல் வந்திருக்கிறது. ‘சரி.’

காலையில் சிஸ்டர் மாத்திரை கொடுத்தபோது சொன்னாராம். அத்தை நடைபாதை முழுக்க ஓடி எல்லோரிடமும் சொன்னார். நான் உள்ளே போய், “வலிக்குதுங்களா?” என்றேன். “சரி” என்றார். “தண்ணி வேணுமா?” “சரி.” “நான் யாருன்னு தெரியுதா?” அவர் என்னைப் பார்த்தார். உதடு வேறு எதற்கோ குவிந்தது. “சரி” என்றார். அது அவருக்கே பிடிக்கவில்லை. தலையை ஆட்டினார். “சரி, சரி, சரி” என்று இடது கையால் மெத்தையில் அடித்தார்.

புரிகிறது, சொல்ல வரவில்லை. அவ்வளவுதான் இப்போதைக்கு என்றார் டாக்டர்.

செப்டம்பர் 4, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டில் முன்னறையில். ஜன்னல் வழியாகப் பட்டறை தெரிகிறது. ஷட்டரை இறக்கியே வைத்திருக்கிறோம். ரிப்பேருக்கு வந்த மோட்டார்களை அவரவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தறிக்காரர் ஒருவர் பூபதியைப் பார்த்துவிட்டு வெளியே போய் வண்டி மேலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

குளிக்க வைக்க, திருப்பிப் படுக்க வைக்க அத்தையும் நானும்தான். முதுகில் புண் வரக்கூடாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அத்தை ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது கொத்தமல்லித் தழைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த குப்பியை எடுத்துவிட்டார்.

“இதென்ன மருந்து கண்ணு? பூபதிக்கா?”

“இல்லீங் அத்தை. லேப்ல எலிக்குக் குடுக்கறது.”

“எலிக்கு இதே சீக்குத்தான?”

“ஆமாங்.”

“குடுத்தா நல்லாவுதா?”

பொய் சொல்லியிருக்கலாம். “சிலதுக்கு ஆவுதுங்” என்றேன்.

அத்தை குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எலிக்கு ஆவுதுன்னா மனுசனுக்கும் ஆவுமில்ல? எதுக்கு இத இங்க பூட்டி வெச்சுட்டு இருக்கற?”

“இன்னும் மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கலைங். அதுவுமில்லாம இது அன்னிக்கே குடுத்திருக்கோணும். இப்பக் குடுத்துப் பிரயோசனமில்ல.”

“அன்னிக்கு இது எங்க இருந்துச்சு?”

“சென்னையிலங்” என்றேன்.

 அத்தை குப்பியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

மேடம் போன் செய்தார். அவசரமில்லை, ஆனால் என்னுடைய எலிகளை நிலோஃபரால் எவ்வளவு நாள்தான் பார்க்க முடியும் என்றார். கடைசித் தொகுதி பாக்கி. அதை முடித்தால், எந்த மூடியில் மருந்து என்ற முடிவைத் திறந்துவிடலாம். அத்தைக்கு உதவியாகப் பக்கத்து வீட்டுப் பூவாத்தாக்கா வருகிறார். போய்விட்டு வருவதென்று முடிவு.

கிளம்பும்போது பூபதியிடம் சொன்னேன். “சரி” என்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆய்வகம். எலிக்கு மயக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். நிறுத்திவிட்டு, வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். இன்று முதல்முறையாக அதன் மேல் போட்டிருந்த துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

நிலோஃபர் குளிர்ப்பெட்டிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு நீல மூடி கொறையுதுக்கா.”

“ஒடஞ்சுபோச்சு நிலோ. எழுத மறந்துட்டேன்.”

“எப்பக்கா?”

“நான் ஊருக்குப் போன அன்னைக்கு.”

என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். ‘உடைந்தது’ என்றுதான் எழுதியிருப்பாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அத்தை போனில், பூபதியின் வலது கைக் கட்டைவிரல் அசைந்தது என்றார். குரலில் என்னவோ ஒரு ரகசியச் சந்தோஷம். பூவாத்தாக்காவும் பார்த்தாராம்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று திறந்தோம்.

மேடம் அறையில் மூன்று பேரும். என் வரைபடங்கள் திரையில் இருந்தன. ஒரு பக்கம் நீல மூடி எலிகள், இன்னொரு பக்கம் வெள்ளை மூடி எலிகள். நீல மூடியில் கோடு கொஞ்சம் உயர்ந்திருக்கும். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் இத்தனை நாள் விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்திருக்கிறேன்.

“சொல்லும்மா நிலோஃபர்” என்றார் மேடம்.

நிலோஃபர் கையில் இருந்த தாளைப் பார்க்காமலே சொன்னாள். “வெள்ளைதான் மேடம் மருந்து. நீலம் சலைன்.”

 நீலத்தில் நான் பார்த்த முன்னேற்றம் தற்செயல். வெள்ளையில் சில எலிகளுக்கு மூளையில் ரத்தக் கசிவு வந்திருந்தது, அதற்கு மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம். இதெல்லாம் மேடம் சொன்னது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“வருத்தப்படாத அம்சா. ஒண்ணும் நடக்கலைன்னு எழுதறதும் வேலைதான். இன்னொருத்தர் இதே பாதையில போகாம இருப்பாங்க இல்ல? அடுத்த மாசத்துலேர்ந்து வந்து உக்காந்து எழுது.”

வெளியே வந்தபோது நிலோஃபர் டீ வாங்கி வந்து கொடுத்தாள். பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, ஒடஞ்சது நீலம்தான?”

“ம்.”

“அது வெறும் உப்புத் தண்ணிக்கா” என்றாள். பிறகு என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பனிக்கட்டியில் பொத்தி விமானத்தில் கொண்டுபோனது உப்புத் தண்ணீர். பூபதியின் தலைமாட்டில் நான் நின்றது உப்புத் தண்ணீரோடு. அதைக் கொடுக்காமல் விட்டதற்காக ஒரு மாதமாக நான் என்னை என்ன பாடு படுத்தினேன். நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். குற்றம் இருந்தவரைக்கும் செய்வதற்கு ஒன்று இருந்தது, நான்தான் செய்யவில்லை என்றாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

டீ ஆறிவிட்டது. கீழே ஊற்றினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பல்லடம். காலையில் வந்தேன். பூபதி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெதுவாகச் சேர்த்துக் காட்டினார். அழுதேன். அவரும் அழுதார். “சரி” என்றார்.

அத்தை என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். முகமெல்லாம் சிரிப்பு. ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்துக் காட்டினார். காலி.

“நீ வையாத கண்ணு. நீ படிச்சவ, உனக்குப் பயம். எனக்கென்ன பயம்? தெனமும் காத்தால பால்ல ரெண்டு சொட்டு உட்டுக் குடுத்தேன். பாத்தயில்ல வெரல?”

 அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குக் குளிர்ப்பெட்டியில் என் கை வெள்ளை மூடியை எடுத்திருந்தால்?

“என்னங் அத்தை, இப்படிப் பண்ணிட்டீங்க? ஏதாச்சும் ஆயிருந்தா?”

“என்ன ஆவும்? நானும் மொதல்ல ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆவல. கசக்கக்கூட இல்ல, உப்பாட்ட இருந்துச்சு. அப்பறந்தான் அவனுக்குக் குடுத்தேன்.” என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். “எப்படியாச்சும் இன்னொண்ணு கொண்டாந்துரு. இதுல வெரலு வந்துருச்சு. அதுல பேச்சு வந்துரும்.”

விரல் தானாகவே வந்திருக்கிறது. சிலருக்கு முதல் சில வாரங்களில் அப்படி வரும். எந்த விரல், எப்போது, ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொல்வதா? சொன்னால், குப்பியில் இருந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். குப்பி எப்போது வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அத்தையின் கண்ணில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“இனிமே கெடைக்காதுங் அத்தை. அந்த ஆராய்ச்சிய நிறுத்திட்டாங்க.”

“ஏன்?”

“எலிகளுக்கு ஒத்துக்கலைங்.”

“எம்பையனுக்கு ஒத்துக்குச்சே!”

 அத்தை மூடியைத் திருகிக் குப்பியைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாள் அழுததற்குப் பிறகு இன்றைக்குத்தான் அழுதார். சத்தமில்லாமல், முன்னறைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று சேலையை வாயில் வைத்துக்கொண்டு.

அக்டோபர் 1, புதன்

அத்தை என்னிடம் அதிகம் பேசவில்லை. கொள்ளுப் பருப்பு செய்தார், பூபதிக்குப் பிடிக்கும் என்று. பூபதி விழுங்கச் சிரமப்பட்டார். மிக்சியில் அடித்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

திருப்பூரிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தார். “கேள்வி கேக்காதீங்க மேடம். கேட்டா அவருக்குச் சரி மட்டுந்தான் வரும். ரெண்டு பொருளை முன்னால வைங்க. தொட்டுக் காட்டட்டும்” என்றார்.

வாழைப்பழமும் பிஸ்கட்டும் வைத்தோம். வாழைப்பழத்தைத் தொட்டார். வேட்டியும் லுங்கியும் வைத்தோம். லுங்கி. டிவியில் கிரிக்கெட்டா செய்தியா என்று தொட்டுக் காட்ட இரண்டு ரிமோட் இல்லை, ஆகையால் அதில் சண்டை.

ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்று பேரும் சிரித்தோம். அத்தைதான் முதலில் சிரித்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று சாயங்கால ரயிலில் நான் சென்னை போக வேண்டும். மேடம் எழுத உட்காரச் சொல்லியிருக்கிறார். மார்ச் வரைக்கும் இடம் இருக்கிறது. போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுப்பார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. போனால் அத்தை தனியாக அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். அத்தைக்கு நேற்று இடுப்பு பிடித்துக்கொண்டது. என்னிடம் சொல்லவில்லை. நடக்கும்போது தெரிந்தது.

“நீ போ கண்ணு. இங்க இருந்து நீயென்ன பண்ணப் போற? அங்கயாச்சும் எதையாவது கண்டுபுடி” என்றார். அவர் கோபமாகச் சொன்னாரா, நம்பிக்கையோடு சொன்னாரா என்று தெரியவில்லை.

மத்தியானம் அத்தை படுத்த பிறகு பூபதியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் போகட்டுமா, இருக்கட்டுமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. அதனால் கைப்பையிலிருந்து ஆய்வு நிலைய அடையாள அட்டையை எடுத்து அவர் மடிப்பலகையின் ஒரு பக்கம் வைத்தேன். இன்னொரு பக்கம் வீட்டுச் சாவியை வைத்தேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

அட்டையில் இருந்த என் போட்டோவை முதலில் பார்த்தார். சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய இடது கை இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது. நெற்றியில் வேர்த்துவிட்டது. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தேன்.

பிறகு அட்டையைப் பலகையின் ஓரத்துக்கு, என் பக்கமாகத் தள்ளினார். சரி, போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதை எடுக்கப் போனபோது, சாவியையும் அதே போலத் தள்ளினார். அட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். தனக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை, அவர் முன்னால் பலகை காலியாக இருந்தது.

“என்னங்க இது?” என்றேன். கேட்கக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள், கேட்டுவிட்டேன்.

“சரி” என்றார், ரொம்பப் பிரியமாக.

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் எழுந்து அவருடைய தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளறையில் அத்தை புரண்டு படுப்பதும், இடுப்பு வலியில் முனகுவதும் கேட்டது.

ரயிலுக்குப் போகவில்லை. மேடத்துக்கு இன்னும் போன் செய்யவில்லை. அவரைக் கட்டிலில் படுக்க வைத்தேன், திருப்பி விட்டேன், முதுகில் பவுடர் போட்டேன். அத்தையின் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். நாளைக்குக் காலையில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. பால் மட்டும் நாளைக்கு எனக்கும் சேர்த்து அரை லிட்டர் கூடச் சொல்லியிருக்கிறேன்.